உயிரியல் கணிதம் படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இளநிலைப் பட்டமாக உயிரியல் கணிதம் படிப்பது பற்றிச் சேர விரும்புகிறவர்களும் பெற்றோரும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பாடத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டவர்களின் கேள்விகளுக்குக் கணக்கோடு பதில் சொல்லியிருக்கிறோம். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு உயிரியலும் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும். இந்தப் பட்டப்படிப்பில் பாதி நேரம் கணக்கு வகுப்பு, பாதி நேரம் உயிரியல் வகுப்பு என்று இருக்குமா? இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதைவிட இதில் என்ன கூடுதல்?
*பள்ளி இறுதியாண்டு மாணவி*

பதில்: முதல் ஆண்டு ஏறக்குறைய நீங்கள் சொல்வது போலத்தான் போகும். ஒரு பக்கம் நுண்கணிதமும் அணிகளும், இன்னொரு பக்கம் செல்லும் மரபியலும். இந்தப் படிப்புக்கே உரிய வேலை அதற்குப் பிறகு வருகிறது. உயிரியலில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தைச் சமன்பாடாக எழுத வேண்டும். அதைத் தீர்த்து வரும் விடையை மறுபடியும் உயிரியல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பழைய உதாரணம். முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அந்தக் கடற்கரைச் சந்தைகளின் கணக்கைப் பார்த்த உயிரியலாளர் உம்பர்ட்டோ டான்கோனா, வந்த மீன்களில் சுறா போன்ற கொன்றுண்ணிகளின் பங்கு கூடியிருப்பதைக் கண்டார். பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும் பெருக வேண்டும், சுறாவுக்கு மட்டும் ஏன் கூடுதல் லாபம் என்று கேட்டார். அவருடைய மாமனார் வீட்டோ வோல்ட்டெரா கணிதவியலர். அவர் 1926இல் இதை இரண்டு சமன்பாடுகளாக எழுதினார். இரை தானாகப் பெருகும், சுறாவைச் சந்தித்தால் சாகும். சுறா தானாகக் குறையும், இரையைத் தின்றால் பெருகும். அவ்வளவுதான்.

மாறும் வீதங்களைச் சுழியத்துக்குச் சமன்படுத்துங்கள். சுறாக்களின் சராசரி எண்ணிக்கை, இரையின் பெருக்க வீதத்தைச் சந்திப்பில் இரை சாகும் வீதத்தால் வகுத்தால் வருவது. இரையின் சராசரி, சுறாவின் இறப்பு வீதத்தைத் தின்ற இரை சுறாவாக மாறும் வீதத்தால் வகுத்தால் வருவது. ஒன்றின் சராசரி மற்றதன் குணத்தால் முடிவாகிறது! மீன்பிடிப்பு இரையின் பெருக்கத்திலிருந்து கழிகிறது, சுறாவின் இறப்போடு கூடுகிறது. ஆகவே பிடிப்பு நின்றால் சுறாவின் சராசரி ஏறும், இரையின் சராசரி இறங்கும். வெறும் வார்த்தையில் யோசித்து இந்த முடிவுக்கு வந்திருப்பது கடினம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் தூண்டப்பட்டிருந்தால், தயங்காமல் சேருங்கள்.

கேள்வி: உயிரியலில் நல்ல மதிப்பெண், கணக்கில் சுமார். சேர்வதற்கு முன் 2 மாதம் இருக்கிறது. எதைப் படித்துக்கொண்டு போனால் பின்தங்காமல் இருக்கலாம்?
*சேரக் காத்திருக்கும் மாணவர்*

பதில்: பாடநூல் முழுவதையும் திருப்பிப் பார்க்க வேண்டாம், நேரம் போதாது. முதலில் மடக்கையும் அடுக்குச் சார்பும். கல்லூரிக்கு வந்தபின் பலர் சறுக்குவது உயர்ந்த கணிதத்தில் அன்று, இங்கேதான். ஒரு சோதனை: பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. வளர்ச்சி வீதம் நிமிடத்துக்கு எவ்வளவு? பெரும்பாலோர் 1-ஐ 20-ஆல் வகுத்து 0.05 என்பார்கள். அதைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஒன்று 20 ஆகிவிடும். ஆனால் ஒரு மணி நேரத்தில் மூன்றே முறைதான் இரட்டிக்கிறது, 8தான் வர வேண்டும். சரியான வீதம் 2-இன் இயல் மடக்கையான 0.693-ஐ 20-ஆல் வகுத்தது, அதாவது 0.0347. ஏன் என்று உங்களுக்கே விளங்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். (இதே வேகத்தில் 10 மணி நேரம் தடையில்லாமல் பெருகினால் ஒரு செல் 107 கோடியைத் தாண்டும். எந்தக் குடுவையிலும் அப்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பது முதல் ஆண்டுப் பாடம்.)

அடுத்து வகைக்கெழு. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, வளைகோட்டைப் பார்த்து எங்கே வேகம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று சொல்லப் பழகுங்கள். பெருக்கல் விதியும் சங்கிலி விதியும் கை தானாகப் போடும் அளவுக்கு வர வேண்டும். தொகையிடலில் பகுதிப் பின்னங்கள் முக்கியம், லாஜிஸ்டிக் வளர்ச்சிச் சமன்பாட்டை (முதலில் வேகமாகப் பெருகி, பிறகு ஒரு எல்லையில் நிற்கும் வளர்ச்சி) அது இல்லாமல் கையால் தீர்க்க முடியாது. அணிகளில் 2க்கு 2 போதும்: பெருக்கல், அணிக்கோவை, ஐகன் மதிப்பு. நிகழ்தகவில் நிபந்தனை நிகழ்தகவும் ஈருறுப்புப் பரவலும். முக்கோணவியலில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தினம் ஒன்றரை மணி நேரம் கையால் எழுதிப் போட்டால் இவ்வளவுக்கும் 2 மாதம் தாராளம். காணொளி பார்ப்பது கணக்குப் போட்டதாகாது.

கேள்வி: என் மகள் உயிரியல் கணிதம் என்கிறாள். விண்ணப்பப் பட்டியலில் உயிர்த்தகவலியல், உயிரியப் புள்ளியியல், கணிப்பு உயிரியல் என்று இன்னும் பல பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
*ஒரு தந்தை*

பதில்: ஒன்றோடொன்று உரசும், ஆனால் ஒன்றல்ல. ஒரே நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து கொடுத்தவர்கள் கொடுக்காதவர்களைவிட உண்மையிலேயே விரைவில் குணமானார்களா என்று கேட்டால் அது உயிரியப் புள்ளியியல். கிருமியின் மரபணு எழுத்துகளை வரிசைப்படுத்தி, எது எதிலிருந்து பிறழ்ந்து வந்தது என்று தேடினால் உயிர்த்தகவலியல். கிருமி உடலுக்குள் எப்படிப் பெருகுகிறது, மருந்தின் அளவை இரட்டித்தால் என்ன ஆகும் என்று இயக்கத்தைச் சமன்பாடாக எழுதினால் உயிரியல் கணிதம். கணிப்பு உயிரியல் இவை எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பெயர். கல்லூரிக்குக் கல்லூரி பொருள் மாறும்.

அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வகைக்கெழுச் சமன்பாடுகள் தனிப் பாடமாக வருகிறதா? அதன் தொடர்ச்சியாக நேரியல் சாரா இயக்கவியல் இருக்கிறதா? நிகழ்தகவு தனியாகவும் புள்ளியியல் தனியாகவும் இருக்கின்றனவா, அல்லது ஒரே பருவத்தில் இரண்டையும் அடைத்திருக்கிறார்களா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, உயிரியல் மாதிரியாக்கம் என்று ஒரு பாடமாவது இருக்கிறதா? அது இல்லாவிட்டால், இரண்டு துறைகளின் பழைய பாடங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடந்த 2 ஆண்டுகளின் இறுதியாண்டு ஆய்வுத் தலைப்புகளைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். விளம்பர ஏட்டில் 10 பக்கம் படிப்பதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

கேள்வி: ஆர் மொழியா, பைத்தானா?
*முதலாம் ஆண்டு*

பதில்: உங்கள் துறை எதில் நடத்துகிறதோ அது. இரண்டிலும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கருவிகள் நன்றாகவே உள்ளன: ஆரில் டீசால்வ், பைத்தானில் சைபை. புள்ளியியல் பக்கம் சாய்ந்தால் ஆர் வசதி, பெரிய உருவகப்படுத்தல்களுக்குப் பைத்தான் வசதி. கல்லூரி மேட்லேப் கேட்டால், வீட்டில் பழக ஆக்டேவ் இலவசம், பெரும்பாலான கட்டளைகள் ஒன்றே. ஒரே ஆண்டில் இரண்டு மொழிக்கு ஓடாதீர்கள்.

கேள்வி: ஊரைத் தொற்றக்கூடியவர்கள், நோயாளிகள், குணமானவர்கள் என்று மூன்று பெட்டிகளாகப் பிரிக்கும் எஸ்.ஐ.ஆர். தொற்றுநோய் மாதிரியை நிரலாக எழுதினேன். 1000 பேர் உள்ள ஊர், ஒரே ஒரு நோயாளி, தொற்று வீதம் நாளுக்கு 0.5, நோய்க்காலம் 4 நாள். இரண்டாம் நாளே நோயாளிகள் 1,25,000-ஐத் தாண்டுகிறார்கள், தொற்றக்கூடியவர்கள் எதிர்க்குறி எண்ணாகிறார்கள். நிரலை நூறு முறை பார்த்துவிட்டேன், பிழை தெரியவில்லை.
*இரண்டாம் ஆண்டு மாணவர்*

பதில்: நிரலில் பிழை இல்லை, சமன்பாட்டில் இருக்கிறது. நூறு முறை நிரலைப் படிப்பதற்குப் பதில் இரண்டே நாளைக் கையால் நடத்திப் பாருங்கள். நீங்கள் புதுத் தொற்றை 0.5 × தொற்றக்கூடியவர்கள் × நோயாளிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள்: 0.5 × 999 × 1 = 499.5. ஒரே நோயாளி ஒரே நாளில் பாதி ஊருக்கு நோயைக் கொடுத்துவிட்டார். இரண்டாம் நாள்: 0.5 × 499.5 × 500.25, அதாவது ஏறத்தாழ 1,24,937. ஏற்கெனவே நோயிலிருப்பவர்களையும் சேர்த்தால் 1,25,000-ஐத் தாண்டிவிடும். உங்கள் 1,25,000 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

0.5 என்ற எண்ணின் அலகைக் கேளுங்கள். சுற்றியிருப்பவர் எல்லோரும் தொற்றக்கூடியவராக இருந்தால், ஒரு நோயாளி ஒரு நாளில் 0.5 பேருக்குத் தருவார் என்பதுதான் பொருள். அவர் சந்திப்பவர்களில் எத்தனை பங்கு தொற்றக்கூடியவர்? 999-ஐ 1000-ஆல் வகுத்தது. அந்த வகுத்தல் விட்டுப்போயிருக்கிறது. பல பாடநூல்கள் ஊரின் மொத்தத்தை 1 என்று வைத்துப் பங்குகளாக எழுதும். அங்கே வகுக்கத் தேவையில்லை. அந்தச் சமன்பாட்டை அப்படியே தூக்கி 1000 பேருக்குப் போட்டால் இப்படித்தான் வெடிக்கும்.

சரியாகப் போடுவோம். முதல் நாள் புதுத் தொற்று 0.5 × 999 × 1 ÷ 1000 = 0.4995. குணமாவோர் 0.25. நாள் முடிவில் தொற்றக்கூடியவர்கள் 998.5005, நோயாளிகள் 1.2495, குணமானவர்கள் 0.25. மூன்றையும் கூட்டினால் 1000. இரண்டாம் நாள் புதுத் தொற்று 0.6238, குணமாவோர் 0.3124, நோயாளிகள் 1.5609. மறுபடியும் கூட்டுங்கள், 1000 வருகிறதா பாருங்கள். நிரலில் ஒவ்வொரு படியிலும் இந்தக் கூட்டலைச் சரிபார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். ஒரு பெட்டியில் கழித்ததை இன்னொரு பெட்டியில் கூட்ட மறந்தால் அது உடனே காட்டிக்கொடுக்கும்.

நோய்க்காலம் 4 நாள் என்பதை நீங்கள் 0.25 என்று சரியாகவே மாற்றியிருக்கிறீர்கள். 4 என்றே போடுகிறவர்கள் நிறைய. ஆனால் நாளுக்கு 0.25 என்ற வீதத்துக்குள் ஒரு உயிரியல் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எல்லோரும் நான்காம் நாள் குணமாகிறார்கள் என்று அது சொல்லவில்லை. முதல் நாளுக்குள்ளேயே 22 சதவீதம் பேர் குணமாகிவிடுவார்கள், 10 நாள் கழிந்தும் 8 சதவீதம் பேர் நோயோடு இருப்பார்கள் என்று சொல்கிறது. பல நோய்களுக்கு இது பொருந்தாது. நோயாளிப் பெட்டியை இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரித்து வரிசையாக வைத்தால் கால அளவு சராசரியை ஒட்டி நெருங்கி வரும்.

சரியான நிரல் என்ன காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கையால் கணக்கிடலாம். 0.5-ஐ 0.25-ஆல் வகுத்தால் அடிப்படை இனப்பெருக்க எண் 2, அதாவது எல்லோரும் தொற்றக்கூடியவராக இருந்தால் ஒரு நோயாளி மொத்தம் 2 பேருக்குத் தருவார். தொற்றக்கூடியவர்கள் 500 ஆகும் அன்று நோயாளிகள் உச்சம் தொடுவார்கள், சுமார் 153 பேர். எல்லாம் ஓய்ந்தபின் நோய் கண்டவர்கள் மொத்தம் 797 பேர் அளவில் இருப்பார்கள். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டுதான் நிரலை நம்ப வேண்டும். ஒரு நாள் படியில் (கணினி ஒவ்வொரு முறையும் தாண்டும் கால இடைவெளி) போட்டால் கொஞ்சம் விலகும், 0.1 நாள் படியில் நெருங்கி வரும்.

தேர்வில் அடிக்கடி தவறும் இடமும் இதுவே. பாதிப் பேர் எதிர்ப்பாற்றல் பெற்றால் பரவல் குறையத் தொடங்கும் என்றால், ஏன் 80 சதவீதம் பேருக்கு வருகிறது? பாதியைத் தொடும் நாளில் 153 நோயாளிகள் இன்னும் பரப்பிக்கொண்டிருக்கிறார்களே! வண்டியின் வேகம் குறையத் தொடங்கிய இடத்திலேயே வண்டி நின்றுவிடுவதில்லை.

இன்னொன்று. 1.2495 நோயாளி என்று ஒருவர் உலகில் இல்லை. ஒரே நோயாளியோடு தொடங்கும்போது தற்செயல் பெரிய பங்கு வகிக்கும். இதே வீதங்களோடு நிகழ்தகவு மாதிரியாக ஓட்டினால், ஏறத்தாழ பாதி முறை நோய் பரவாமலே அணைந்துவிடும். சமன்பாடு அதை ஒருநாளும் காட்டாது. ஒவ்வொரு தொற்றையும் குணமாதலையும் தற்செயலாக நிகழ்த்திப் பார்க்கும் கில்லெஸ்பி முறை பாடத்தில் வரும்போது, இதே ஊரை 200 முறை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: லாஜிஸ்டிக் வளர்ச்சிச் சமன்பாடு வழவழப்பான வளைகோட்டில் போய்த் தாங்குதிறனில், அதாவது சூழல் தாங்கும் எண்ணிக்கையில், நிற்கும் என்று படித்தோம். என் கணினியில் அது 245க்கும் 1289க்கும் இடையே கண்டபடி துள்ளுகிறது. வளர்ச்சி வீதம் மாதத்துக்கு 2.8, தாங்குதிறன் 1000, படி 1 மாதம்.
*முதலாம் ஆண்டு மாணவி*

பதில்: படி பெரிது. ஆய்லர் முறையில் (இப்போதைய வேகத்தையே ஒரு படி முழுவதும் நீட்டிக் கணக்கிடும் முறை) வளர்ச்சி வீதத்தையும் படியையும் பெருக்கி வருவது 2-ஐத் தாண்டினால் விடை ஊசலாடும், ஏறத்தாழ 2.57-ஐத் தாண்டினால் ஒழுங்கே இல்லாமல் போகும். உங்களுடையது 2.8. படியை 0.1 மாதமாக்குங்கள், வளைகோடு 1000-இல் போய் அமைதியாக நிற்கும். எந்த நிரலிலும் படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை மாறினால் முதல் விடையை நம்பக் கூடாது.

ஆனால் அந்தத் துள்ளல் வரைபடத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஆண்டுக்கு ஒரே தலைமுறை வரும் பூச்சிகளுக்கு, படி என்பது கணினியின் வசதிக்காக வைத்தது இல்லை, உயிரியலே வைத்தது. அங்கே இதே சூத்திரம் இதே துள்ளலைக் கொடுத்தால் அதை மாதிரியின் உண்மையான நடத்தையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எளிய சமன்பாட்டிலிருந்து இவ்வளவு சிக்கலான நடத்தை வரும் என்று ராபர்ட் மே 1976இல் எடுத்துக்காட்டியது இந்த வகைச் சமன்பாட்டை வைத்துத்தான். உங்கள் உயிரினம் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்கிறதா, பருவத்துக்கு ஒருமுறையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஈஸ்ட் செல்கள் பெருகுவதை முதல் 4 மணி நேரம் எண்ணி, லாஜிஸ்டிக் சமன்பாட்டைப் பொருத்தினோம். கோடு புள்ளிகள்மேல் அழகாக உட்காருகிறது. ஆனால் தாங்குதிறன் எனக்கு 1000, தோழிக்கு 2000. யார் சரி?
*இரண்டாம் ஆண்டு மாணவி*

பதில்: இருவரின் தரவிலும் அதற்கான பதிலே இல்லை. 10-இல் தொடங்கி, மணிக்கு 0.5 வீதத்தில் வளர்கிறது என்று வைத்துப் பாருங்கள். தாங்குதிறன் 1000 என்றால் 4 மணி நேரத்தில் 69 வரும். 2000 என்றால் 72. வித்தியாசம் 3. கண்ணாடித் தகட்டில் 70 செல்லை எண்ணும்போது வெறும் தற்செயலாலேயே 8 கூடவோ குறையவோ வரும், 70-இன் வர்க்கமூலம் அளவுக்கு. இந்த இரைச்சலுக்குள் அந்த 3-ஐ யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அதே குடுவையை 12 மணி நேரத்தில் எண்ணினால் ஒருவருக்கு 803, மற்றவருக்கு 1339. அங்கே ஒரே ஓர் அளவீடு போதும், வழக்கு தீர்ந்துவிடும்.

ஒரு வளைகோடு பொருந்துவதும் அதிலுள்ள மாறிலிகள் தெரியவருவதும் வேறு வேறு. பொருத்திய மென்பொருள் ஒவ்வொரு மாறிலிக்கும் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகள்) தரும். அதைக் கேட்டு வாங்குங்கள். தாங்குதிறன் 600 முதல் 9000 வரை என்பது போல அகலமாக வந்தால், அறிக்கையில் அந்த எண்ணை எழுதாதீர்கள், ‘இந்தத் தரவிலிருந்து சொல்ல முடியவில்லை’ என்று எழுதுங்கள். நல்ல ஆசிரியர் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.

பொருந்திவிட்டால் உயிரியல் சரி என்றும் ஆகாது. எஸ்.ஐ.ஆர். மாதிரியின் மூலமான கெர்மாக், மெக்கென்ட்ரிக் கட்டுரை 1927இல் வந்தது. பம்பாயின் 1905-06 பிளேக் இறப்புகளோடு அவர்களுடைய வளைகோடு வெகு நன்றாகப் பொருந்தியது. ஆனால் அந்தப் பிளேக்கைப் பரப்பியவை எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும். சமன்பாட்டிலோ ஆளிலிருந்து ஆளுக்குப் பரவும் நோய்க்குரிய பெட்டிகள்தான் இருந்தன.

கேள்வி: கணக்கு எனக்கு எளிதாக வருகிறது. உயிரியல் பாடங்கள் மனப்பாடம் போல இருக்கின்றன. தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் படித்தால் போதாதா?
*முதலாம் ஆண்டு*

பதில்: போதாது. ஒரு ஒடுங்கு மரபு நோய் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால் மட்டும் தோன்றுவது) 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. ஹார்டி-வெயின்பெர்க் விதிப்படி அந்த அல்லீலின் (மரபணுவின் அந்தப் பிழையான வடிவத்தின்) அலைவெண் 0.01. நோயில்லாமல் அதைச் சுமப்பவர் 50 பேருக்கு ஏறத்தாழ ஒருவர். இதுவரை கணக்கு தெரிந்தால் போதும். ஆனால் அந்த விதி, மணம் தற்செயலாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் மணந்தால், குழந்தையின் உட்கலப்புக் குணகம் (ஒரே மூதாதையின் மரபணு இரு வழியிலும் வந்துசேரும் வாய்ப்பு) 16இல் 1. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 10,000இல் ஒன்று என்பது 10,000இல் 7 ஆகிறது. எந்த உறுப்பைச் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும் என்று சொன்னது மரபியல். அது தெரியாதவர் பிழையே இல்லாமல் கணக்குப் போட்டு, ஏழு மடங்கு தவறான விடையைக் கொடுப்பார்.

கேள்வி: படித்து முடித்தால் என்ன வேலை? உண்மையைச் சொல்லுங்கள்.
*ஒரு தாய்*

பதில்: ‘உயிரியல் கணிதவியலர் தேவை’ என்று விளம்பரம் வருவது மிக அரிது. இளநிலையோடு நிறுத்தினால் பெரும்பாலும் கிடைப்பது தரவுப் பகுப்பாய்வு வேலைகள்: மருத்துவ ஆய்வுத் தரவு, மரபணுத் தரவு, காப்பீட்டுக் கணக்கு. மாதிரியாக்கமே வேலையாக வேண்டும் என்றால் முதுநிலை தேவை, ஆராய்ச்சிப் பதவிக்கு முனைவர் பட்டம். பொதுச் சுகாதாரத் துறை, மீன்வள மதிப்பீடு, மருந்து நிறுவனங்கள் ஆகியவை இப்படிப்பட்டவர்களை எடுக்கின்றன.

மருந்துத் துறை வேலை எப்படி இருக்கும் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். மருந்து 500 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, உடலில் அரை ஆயுள் (பாதி மருந்து வெளியேற ஆகும் நேரம்) 6 மணி நேரம். ஒவ்வொரு வேளை மருந்து போனதும் உடலில் இருப்பது 500, 750, 875, 937.5 என்று ஏறி 1000-இல் நிலைக்கும். சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு அரை ஆயுள் 12 மணி நேரம் என்றால், அதே மருந்து அதே வேளையில் 1707 வரை ஏறும். 1500-இல் நச்சாகும் மருந்தென்றால் அவருக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை கொடுப்பது? இதைப் பல உறுப்புகள், பல வயதினர், எடை வேறுபாடு என்று விரித்துச் செய்வதுதான் அந்த வேலை. உங்கள் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு, தரவு, நிரல், வரைபடம், ஒரு பக்க விளக்கம் என்று முழுமையாக முடித்த 2 வேலைகளாவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்குப் புற்றுக்கட்டி, நோயெதிர்ப்புச் செல், மருந்து, ஆக்சிஜன் எல்லாம் சேர்த்து 12 மாறிலிகள் உள்ள மாதிரி ஒன்றை எழுதியிருக்கிறேன். தரவு 9 புள்ளிகள். வழிகாட்டி வேண்டாம் என்கிறார்.
*இறுதியாண்டு மாணவர்*

பதில்: வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். 9 புள்ளிகளை வைத்து 12 மாறிலிகளைத் தீர்மானிக்க முடியாது. எதை வேண்டுமானாலும் பொருத்தலாம், அதனால் எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், ‘நோயெதிர்ப்புச் செல்கள் எத்தனை இருந்தால் கட்டி வளராது?’ என்பது போல. அதற்குக் கட்டி, நோயெதிர்ப்புச் செல் என இரண்டே சமன்பாடுகள் போதும். சமநிலைப் புள்ளிகளைக் கையால் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றிலும் ஜக்கோபியன் அணியை (சமன்பாடுகளின் பகுதி வகைக்கெழுக்களைக் கொண்ட அணி) எழுதி ஐகன் மதிப்புகளின் குறியைப் பாருங்கள். மெய்ப்பகுதி இரண்டும் எதிர்க்குறி என்றால் நிலையானது, ஒன்று நேர்க்குறி என்றாலும் நிலையற்றது. இது முடியும்வரை கணினியைத் திறக்க வேண்டாம். பிறகு நிரல் எழுதி, நீங்கள் கையால் கண்ட புள்ளியிலேயே அது போய் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் இரண்டில் ஒன்று தவறு. பெரும்பாலும் கையால் வகைக்கெழு எடுத்த இடத்தில் குறி மாறியிருக்கும்.

அடுத்து ஒவ்வொரு மாறிலியையும் 10 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, விடை எவ்வளவு அசைகிறது என்று அட்டவணை போடுங்கள். எதை அசைத்தால் விடை அதிகம் அசைகிறதோ அந்த மாறிலியின் மதிப்பை ஆய்வுக் கட்டுரைகளில் தேடுவதில் நேரத்தைச் செலவிடுங்கள். எதை அசைத்தாலும் விடை அசையவில்லையோ அதை ஒரு நிலையான எண்ணாக வைத்துவிடலாம். மருந்தைச் சேர்ப்பது இதற்குப் பிறகுதான், அதுவும் ஒரே ஓர் உறுப்பாக. ஆக்சிஜனை விட்டுவிடுங்கள். அறிக்கையில் ‘சேர்க்காதவை’ என்று அரைப் பக்கம் ஒதுக்கி, ஏன் விட்டீர்கள் என்பதையும் அதனால் விடை எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதையும் எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி பெரும்பாலும் அந்த அரைப் பக்கத்திலிருந்துதான் வரும்.